டாலர் வாங்கும் முன் கேட்கவேண்டிய ஒரு கேள்வி

(கிளையின் மாதாந்தரக் கூட்டத்தில், வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

"வெளிநாடு போகிறவர்களுக்கு உபயோகமாக ஏதாவது பேசுங்கோ" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். முப்பது வருஷ பாங்க் உத்தியோகத்தில் பாதி நாள் அந்நியச் செலாவணிப் பிரிவில் கழித்தவன் என்பதால் என்னைப் பிடித்தார். அப்படிப்பட்டவனே செய்த ஒரு அசட்டுத்தனத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

2018 ஜூனில் பெண்ணின் பிரசவத்துக்காக நானும் என் ஆத்துக்காரியும் அமெரிக்கா கிளம்பினோம். பருப்புப் பொடி, ஊறுகாய், பிரசவ லேகியம் எல்லாம் நிறுத்துப் பெட்டியில் அடுக்கியாயிற்று. அவளிடம் பல வருஷமாகச் சேர்த்த சிறுவாட்டுப் பணம் 22,500 ரூபாய் இருந்தது. ஒரு மாதம் முன்பே என் கையில் கொடுத்து, "இதை டாலராக்கிக் கொடுங்கோ. குழந்தைக்குத் தள்ளுவண்டி என் காசில்தான் வாங்கணும்" என்றாள். "இதென்ன பிரமாதம்" என்றேன். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டு, கடைசியில் விமான நிலையத்துக் கவுன்டரில் போய் நின்றேன். 'கமிஷன் கிடையாது' என்று பெரிய பலகை. டாலருக்கு 75 ரூபாய் போட்டார்கள். அந்த வாரம் ஊருக்குள் விலை 69. 326 டாலர் வரவேண்டிய பணத்துக்கு 300தான் வந்தது.

அங்கே போய் அவள் ஆசையாகப் பார்த்த வண்டி, வரி சேர்த்து 320 டாலர். குறைந்த 20 டாலரை மாப்பிள்ளை சிரித்த முகத்தோடு கார்டில் கொடுத்துவிட்டார். தங்கமான பிள்ளை, அவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் வீடு வந்து சேரும்வரை என் ஆத்துக்காரி ஒரு வார்த்தை பேசவில்லை. ஊரில் வாங்கியிருந்தால் அந்த வண்டி முழுக்க முழுக்க அவள் காசில் வந்திருக்கும்.

எங்கே தப்பு? பலகையில் இருந்தது பொய்யில்லை. கமிஷன் நிஜமாகவே கிடையாது. லாபம் முழுவதும் விலையிலேயே இருந்தது. நாணய மாற்றுக்காரர் நமக்கு விற்பது ஒரு விலை, நம்மிடம் வாங்குவது வேறு விலை. பாங்குகளுக்குள் நடக்கும் விலை இரண்டுக்கும் நடுவில் இருக்கும். அதிலிருந்து நமக்குச் சொல்லும் விலை எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, அதுதான் உண்மையான கமிஷன்.

ஆகவே "ரேட் என்ன?" என்று மட்டும் கேட்காதீர்கள். "ஆயிரம் டாலர் என் கைக்கு வர, எல்லாம் சேர்த்து எத்தனை ரூபாய்?" என்று கேளுங்கள். கணக்குக்கு வசதியாக ஒரு உதாரணம். ஒரு கடையில் கமிஷன் இல்லை, டாலர் 91 ரூபாய். இன்னொரு கடையில் 90 ரூபாய் 60 காசு, கமிஷன் 150 ரூபாய், அதற்கு வரி வேறு. முதல் கடை மலிவு என்று தோன்றும். கூட்டிப் பாருங்கள், ஆயிரம் டாலருக்கு இரண்டாவது கடையில் 200 ரூபாய்க்கு மேல் மிச்சம்.

ஜிஎஸ்டியைப் பற்றிப் பலருக்கு ஒரு பயம் உண்டு. மாற்றும் தொகை முழுவதற்கும் 18 சதவீதம் என்று நினைக்கிறார்கள். இல்லை. ஒரு லட்சம் ரூபாய் வரை, தொகையில் 1 சதவீதத்தைச் சேவையின் மதிப்பாக வைத்து, அதற்குத்தான் 18 சதவீதம். ஒரு லட்சத்துக்கு 180 ரூபாய்தான் ஆகும். குறைந்தபட்ச வரி 45 ரூபாய். ஐயாயிரம், ஐயாயிரமாகப் பிரித்து மாற்றினால் ஒவ்வொரு தடவையும் அந்த 45 ரூபாய் போகும். மொத்தமாக மாற்றுங்கள்.

எப்போது வாங்குவது? பயணத்துக்கு 60 நாள் முன்பிருந்தே வாங்கலாம். ஒரே நாளில், ஒரே நேரத்தில், உங்கள் பாங்க் ஒன்று, ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற நாணய மாற்றுக்காரர் இருவர் என்று மூன்று இடத்தில் கேளுங்கள். விலை மணிக்கு மணி மாறும், காலையில் ஒன்றையும் மாலையில் ஒன்றையும் ஒப்பிடக்கூடாது. பாஸ்போர்ட், பான் கார்டு, விசா, டிக்கெட் நகல்கள் கையில் இருக்கட்டும். 50,000 ரூபாய்க்கு மேல் போனால் ரொக்கம் வாங்கமாட்டார்கள், பாங்க் மூலம்தான் கொடுக்கவேண்டும். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

எவ்வளவு நோட்டாக எடுத்துப்போவது? பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை நோட்டாக அனுமதி. பெண் வீட்டுக்கோ பிள்ளை வீட்டுக்கோ போகிறவர்களுக்கு அதில் பாதிகூட வேண்டாம். முதல் சில நாள் செலவுக்கு 5, 10, 20 டாலர் நோட்டுகளாகக் கேட்டு வாங்குங்கள். மீதியை ப்ரீபெய்டு டிராவல் கார்டில் போட்டுக்கொள்ளலாம். போகிற நாட்டின் நாணயத்திலேயே கார்டை நிரப்புங்கள். டாலர் கார்டை லண்டனில் தேய்த்தால், டாலரிலிருந்து பவுண்டுக்கு மாற்றும் செலவும் சேரும். வழக்கமான கிரெடிட் கார்டில் 2 முதல் 3.5 சதவீதம் வரை கூடுதல் கட்டணமும் அதற்கு வரியும் உண்டு. அதில் ரொக்கம் எடுத்தால் எடுத்த நாளிலிருந்தே வட்டி. கார்டை வெளிநாட்டில் உபயோகிக்கும் வசதியைக் கிளம்பும் முன்பே பாங்கில் சொல்லித் திறந்து வையுங்கள்.

கடைக்காரர் மெஷினை நீட்டி, "இந்திய ரூபாயிலேயே எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்பார். கேட்க சௌகரியமாக இருக்கும், ஆனால் அந்த மாற்று விலையை நிர்ணயிப்பது அவர்கள் தரப்பு. "வேண்டாம், உங்கள் நாட்டு நாணயத்திலேயே எடுங்கள்" என்று சொல்லிவிடுங்கள்.

முக்திநாத் யாத்திரை போகிறவர்கள் டாலர் தேடி அலையவேண்டாம். நேபாளத்துக்கும் பூட்டானுக்கும் பயணச் செலவுக்கு அந்நியச் செலாவணி தருவதில்லை, அவசியமும் இல்லை. நம் ஒரு ரூபாய்க்கு நேபாள ரூபாய் 1.60 என்பது 1993 முதல் மாறாமல் இருக்கிறது. 100 ரூபாய் நோட்டுகளாக எடுத்துப்போவது நல்லது.

திரும்பி வந்தபின் மீந்த டாலரை விற்றால், வாங்கிய போதும் நஷ்டம், விற்கும் போதும் நஷ்டம். சில்லறைக் காசுகளை இங்கே பெரும்பாலும் யாரும் மாற்றித் தரமாட்டார்கள், அங்கேயே செலவழித்துவிடுங்கள். 2,000 டாலர் வரை நோட்டாக அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளச் சட்டமே அனுமதிக்கிறது. அதற்கு மேல் இருந்தால் 180 நாளுக்குள் பாங்கிலோ நாணய மாற்றுக்காரரிடமோ ஒப்படைக்கவேண்டும்.

நம்மவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. "உங்கள் பிள்ளை அங்கே டாலராகக் கொடுக்கட்டும், நான் இங்கே உங்களுக்கு ரூபாயாகத் தருகிறேன்" என்று இரண்டு குடும்பங்கள் கணக்குத் தீர்த்துக்கொள்வார்கள். மனசில் கள்ளமில்லாமல்தான் செய்கிறார்கள். ஆனாலும் அது ஃபெமா சட்டத்துக்கு ஒவ்வாத காரியம். சில நூறு ரூபாய் மிச்சத்துக்காக அந்த வம்பு வேண்டாம்.

அறுபதுகளில் எட்டு டாலரோடு அமெரிக்கா போய் இறங்கியவர்களின் கதைகளைப் பெரியவர்கள் கேட்டிருப்பீர்கள். அன்று கேட்டாலும் கிடைக்காது. இன்று ஒரு நிதியாண்டில் ஒருவருக்கு 2,50,000 டாலர் வரை வழி இருக்கிறது. சொந்தப் பயணத்துக்கு வாங்கும் செலாவணியில், ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் வரை முன்வரிப் பிடித்தமும் இல்லை. அந்த வரம்பு 2025 ஏப்ரலில்தான் 7 லட்சத்திலிருந்து உயர்ந்தது. இத்தனை வசதி இருந்தும் சோம்பலால் பணத்தைக் கோட்டைவிடுகிறோம்.

பிள்ளைகள் நமக்கு எதையும் குறைக்கமாட்டார்கள். ஆனாலும் பேரக்குழந்தைக்கு ஒரு சட்டையோ, கோவில் உண்டியலுக்கு ஒரு நோட்டோ, நம் கைக்காசில் கொடுப்பதில் ஒரு நிறைவு இருக்கிறது. அதைப் பென்ஷன் வாங்குகிற நாம் எல்லோரும் அறிவோம். அடுத்த தடவை உங்கள் ஆத்து மாமி சிறுவாட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தால், அன்று சாயங்காலமே மூன்று இடத்தில் விசாரியுங்கள்.

நாங்கள் 2023ல் மறுபடி போனோம். டாலர் வாங்கப் பதினைந்து நாள் முன்பே கிளம்பினேன். இந்தத் தடவை ஆத்துக்காரியும் கூடவே வந்து, மூன்று கடையிலும் கணக்கை அவளே கூட்டிப் பார்த்தாள்.