ஜனவரி 26 யாருடைய தினம்?



ஜனவரி 26 நமக்குக் குடியரசு தினம். ஆஸ்திரேலியாவுக்கும் அதுவே தேசிய தினம். ஆனால் அங்கே அன்று ஒருபுறம் வாணவேடிக்கை நடக்கும். மறுபுறம் தேதியை மாற்றக் கோரி ஊர்வலம் போகும்.

1788-ல் அந்தத் தேதியில்தான் ஆர்தர் பிலிப் என்ற கவர்னன் கைதிகளோடும் சிப்பாய்களோடும் சிட்னியில் இறங்கி பிரிட்டிஷ் கொடியை ஏற்றினான். பல்லாயிரம் ஆண்டுகளாக ஆதிக்குடிகள் வாழ்ந்த மண்ணை, யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்று சொல்லிப் பறித்தார்கள். உழுதவன் பெயர் பட்டாவில் இல்லாத கதை நமக்குத் தெரியாததா? அந்தப் பொய்யை அந்நாட்டின் தலைமை நீதிமன்றம் தள்ளுபடி செய்ததே 1992-ல்தான்.

1938-ல் 150-வது ஆண்டு விழா. கவர்னன் இறங்கிய காட்சியை நடித்துக் காட்ட வெகுதூரத்திலிருந்து ஆதிக்குடிகளைக் கொண்டுவந்து, போலீஸ் லாயத்தில் அடைத்து வைத்தார்கள். அதே நாளில் சிட்னியில் ஒரு மண்டபத்தில் ஆதிக்குடிகள் கூடி, இது எங்களுக்குத் துக்க தினம் என்று அறிவித்தார்கள். முன்னின்றவர்களில் வில்லியம் பெர்கூசன் ஆட்டுரோமம் கத்தரிக்கும் தொழிலாளி, சங்கத்துக்காரர்.

தேதியை மாற்றினால் சரித்திரமே போய்விடும் என்கிறார்கள் சிலர். 1915-ல் யுத்த நிதி திரட்ட ஜூலை 30-ல் இவர்களே ‘ஆஸ்திரேலிய தினம்’ கொண்டாடவில்லையா? எல்லா மாநிலங்களும் ஜனவரி 26 அன்றே விடுமுறை விடத் தொடங்கியது 1994-ல்தான். நம் அரசியல் சட்டமும் 1949 நவம்பர் 26-லேயே நிறைவேறியது. 1930 ஜனவரி 26-ல் பூரண சுயராஜ்யப் பிரதிக்ஞை எடுத்த நாளுக்காக இரண்டு மாதம் காத்திருந்தோம். நாம் கொண்டாடுவது எதிர்த்து நின்ற நாளை. அவர்கள் கொண்டாடுவது பறித்தவன் வந்திறங்கிய நாளை.

தேதி மாறினால் கூலி உயருமா, நிலம் கிடைக்குமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கிடைக்காது. 1966-ல் வேவ் ஹில் மாட்டுப் பண்ணையில் குரிந்திஜி மக்கள் சுமார் 200 பேர் வின்சென்ட் லிங்கியாரி தலைமையில் வேலையை விட்டு வெளியேறினார்கள். கூலித் தகராறு என்றே முதலில் பேசப்பட்டது. அவர்கள் கேட்டதோ நிலத்தை. தொழிற்சங்கங்கள் உதவின, கம்யூனிஸ்ட் எழுத்தாளர் பிராங்க் ஹார்டி துணை நின்றார். ஒன்பது ஆண்டுகள் போராடிய பிறகே, 1975 ஆகஸ்ட் 16-ல் பிரதமர் விட்லம் லிங்கியாரியின் கையில் ஒரு பிடி மண்ணை வைத்தார். கிடைத்தது நிலத்தில் ஒரு பகுதிதான்.

ஆகவே தேதியும் மாறட்டும், நிலமும் வரட்டும் என்கிறோம். புதிய தேதியை ஆதிக்குடிகள் சொல்லட்டும். உடன்படிக்கை ஏற்படும்வரை எந்தத் தேதியும் வேண்டாம் என்போரும் அவர்களில் உண்டு.