பெரியவரிடம் கேட்கும் நாலு கேள்வி



குடும்ப நலம் என்றால் குழந்தையைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று நினைத்து வந்திருப்பீர்கள். ஒன்று இரண்டோடு நிறுத்திக்கொண்ட வீட்டில், பெரியவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் கூட இருக்கவும் ஒருவர் இருவர்தானே? ஆகவே இதுவும் உங்கள் சங்கதிதான்.

மாமியாருக்குக் காய்ச்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வார்டில் சேர்த்த இரண்டாம் நாள் ராத்திரி, "மாடு அவுத்துக்கிட்டுப் போவுது, புடிங்க" என்று கட்டிலை விட்டு இறங்குகிறார். பக்கத்துக் கட்டில்காரர், "வயசாச்சில்ல, புத்தி தடுமாறிடுச்சு" என்கிறார். நாமும் தலையை ஆட்டிவிடுகிறோம். அங்கேதான் ஆபத்து. நேற்றுவரை தெளிவாக இருந்தவர் ஒரே நாளில் குழம்பினால் அதற்கு வயது காரணமல்ல. ஜன்னி என்று ஊரில் சொல்வார்கள். டாக்டர்கள் டெலீரியம் என்பார்கள். சிறுநீரில் கிருமி, உடம்பில் நீர் வற்றுதல், உப்புச்சத்துக் குறைவு, ஒத்துக்கொள்ளாத மாத்திரை, நாலு நாளாக வெளிக்குப் போகாமை, இப்படி ஏதாவது இருக்கும். தினமும் குடித்துப் பழகியவர் திடீரென்று நிறுத்தினாலும் இரண்டு மூன்று நாளில் வரும், வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். காரணத்தைக் கண்டு வைத்தியம் செய்தால் பெரும்பாலோர் தெளிந்துவிடுகிறார்கள். விட்டால் உயிருக்கே மோசம். கத்துகிறவரையாவது நர்ஸ் கவனிப்பார். பேச்சு மூச்சில்லாமல் தூங்கிக் கிடக்கிறவர்தான் கண்ணில் படாமல் போகிறார்.

இதைச் சீக்கிரம் பிடிக்கத்தான் கேள்விகள். 1972-ல் இங்கிலாந்தில் ஹாட்கின்சன் என்ற முதியோர் மருத்துவர் பத்துக் கேள்வி வகுத்தார். வயசென்ன, மணியென்ன, இது எந்த இடம், என்ன வருஷம், இருபதிலிருந்து ஒன்றுவரை தலைகீழாக எண்ணுங்கள் என்று போகும். முதல் உலக யுத்தம் தொடங்கிய வருஷமும் அதில் உண்டு. நம்ம ஊர்ப் பாட்டியிடம் அதைக் கேட்டு என்ன பயன்? பள்ளிக்கூடம் போகாதது நோயாகுமா? அமெரிக்காவில் 1975-ல் வந்த முப்பது மார்க் பரீட்சையிலும் இதே சங்கடம். அதை அரியானாவில் பல்லப்கர் கிராமத்து முதியோருக்காக மாற்றி 1995-ல் வெளியிட்டார்கள். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்லாமல், கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார்கள். நல்ல மாற்றம்.

இப்போது உங்கள் பங்கு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்க்கும் வீடுகளில், யாருக்கு லீவோ அவர் போய் ஆஸ்பத்திரியில் உட்காருகிறார். அது சரிதான். ஆனால் டாக்டர் பேசும் நேரத்தில், பெரியவரோடு தினமும் பழகுகிறவர் போனிலாவது பேச வேண்டும். "போன வாரம் எப்படி இருந்தார்? எப்போதிலிருந்து இப்படி?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல அவரால்தான் முடியும். பரீட்சையில் பாதி அதுதான். பெரும்பாலும் அது மருமகள். "நீ சும்மா இரு" என்று அவரை அடக்காதீர்கள்.

நர்ஸ் கேட்கும்போது பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கவும் கூடாது. "சொல்லும்மா, இது திருவள்ளூர் ஆஸ்பத்திரி" என்று நீங்கள் முந்திக்கொண்டால் நோய் மறைந்து நின்றுவிடும். கண்ணாடி போடுகிறவர் என்றால் போட்டுவிடுங்கள். காது மந்தம் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். ஆதாரில் இருக்கும் பிறந்த தேதி பல பெரியவர்களுக்கே தெரியாது, அதையும் சொல்லுங்கள். ஆந்திர எல்லைப் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் ஏராளம். அவர்களைத் தெலுங்கிலேயே கேட்கச் சொல்லுங்கள்.

மார்க் குறைந்தால் பைத்தியம் என்று முத்திரை குத்திவிட்டதாக எண்ண வேண்டாம். மேலே பரிசோதிக்க வேண்டும் என்றுதான் அதற்கு அர்த்தம். காய்ச்சலில் எடுத்த மார்க்கை வைத்து மறதி நோய் என்று முடிவு கட்டவும் கூடாது. வீடு திரும்பிச் சில வாரம் கழித்தும் வழி தப்புவது, அடுப்பை மறப்பது, சொன்னதையே சொல்வது இருந்தால் மறுபடி அழைத்துப் போங்கள். அப்போது அவர் சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும், கடையில் வாங்கியது, நாட்டு மருந்து உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள்.