கிழக்காப்பிரிக்கப் பிரயாணமும் தேக சௌக்கியமும்

(நமது சங்கத்தின் வருஷாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



அந்நிய தேசங்களுக்குப் பிரயாணஞ் செய்வோர் தேக சௌக்கியத்தைக் காத்துக்கொள்ளும் விதம்பற்றிச் சில வார்த்தைகள் பேசவேண்டுமென்று நிர்வாக சபையார் நம்மைப் பணித்தனர். விஷயமோ கடல் போன்றது. தேசந்தோறும் நீர் வேறு, காற்று வேறு, நோயும் வேறு. எல்லாவற்றையும் தொட்டு ஒன்றையும் சொல்லாமல் விடுவதைக் காட்டிலும், ஒரு தேசப் பகுதியை எடுத்துக்கொண்டு பயன்படச் சொல்வதே நலம் என்று கருதினோம். நமது சமூகத்து இளைஞர் சிலர் கணக்கு வேலைக்கும், இயந்திர வேலைக்கும், வியாபாரத்துக்குமாகக் கென்யா, உகாண்டா முதலிய கிழக்காப்பிரிக்க நாடுகளுக்குச் செல்கின்றனர். காட்டு மிருகங்களைக் காணும்பொருட்டுக் குடும்பத்துடன் சென்று திரும்புவோரும் உளர். ஆதலின் அப்பகுதியையே இன்று எடுத்துக்கொள்வோம்.

கிழக்காப்பிரிக்கா என்றவுடன் நமது பாட்டிமாருக்கு முதலில் தோன்றுவது சிங்கம். அதற்குக் காரணமும் உண்டு. மொம்பாஸா துறைமுகத்திலிருந்து விக்டோரியா ஏரி வரையில் 1896-ஆம் வருஷந் தொடங்கி 1901-ஆம் வருஷம் வரை இருப்புப்பாதை போட்டார்கள். அவ்வேலைக்கு இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பஞ்சாப் பகுதியிலிருந்து, சுமார் 32,000 தொழிலாளர் கப்பலேறிச் சென்றனர். 1898-ல் ஸாவோ என்னும் ஆற்றின்மீது பாலங் கட்டுங்கால் இரண்டு சிங்கங்கள் இரவில் கூடாரங்களிற் புகுந்து ஆட்களை இழுத்துச் சென்றன. அவற்றைச் சுட்டு வீழ்த்திய பாட்டர்ஸன் என்னும் அதிகாரி, இறந்தோர் 135 பேர் என்று எழுதினார். ரெயில்வேயாரின் கணக்கு 28 இந்தியத் தொழிலாளர் என்பது. 2009-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி சுமார் 35 பேர் என்று மதிப்பிட்டது. எந்தக் கணக்கைக் கொண்டாலுங் கொள்க. அந்த இருப்புப்பாதை வேலையில் மாண்ட இந்தியத் தொழிலாளர் ஏறத்தாழ 2,500 பேர். சிங்கத்தின் வாயிற்பட்டவர்கள் அவர்களில் மிகச் சிலரே. ஏனையோரை நோயும் விபத்தும் கொண்டுபோயின. சிங்கத்தின் பெயர் சரித்திரத்தில் நின்றது. ஜுரத்தின் பெயர் மறைந்தது. இன்றும் பிரயாணி பெரியதற்கு அஞ்சிச் சிறியதை மறக்கிறான். நாம் சொல்லப் புகுந்த விஷயத்தின் சாரம் இதுவே.

முதலாவது, புறப்படுமுன் செய்யவேண்டியவை. மஞ்சட் காய்ச்சல் என்பது ஒருவகைக் கிருமியால் உண்டாவது. பகலிற் கடிக்கும் ஏடிஸ் கொசு அதனைப் பரப்புகிறது. நமது ஊரில் டெங்கு ஜுரத்தைக் கொண்டுவருவதும் இக்கொசுவே. கொசு நம்மிடம் உண்டு. அந்நோய் மட்டும் நமது தேசத்தில் இல்லை. ஒரு நோயாளி வந்துவிட்டால் என்ன நேரும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். ஆகையினாலேதான் அந்நோயுள்ள நாடுகளிலிருந்து ஊசி போட்ட அத்தாட்சியின்றி வருவோரை இந்திய சர்க்கார் 6 நாள் வரையில் தனியே நிறுத்திவைக்கின்றனர். இது வீண் கெடுபிடியன்று. மாக்ஸ் தைலர் என்னும் அறிஞர் கண்டுபிடித்து, 1951-ல் நோபல் பரிசு பெறக் காரணமாயிருந்த இந்த ஊசியை ஒருமுறை போட்டுக்கொண்டால் போதும். 2016-ஆம் வருஷம் ஜூலை மாதம் முதல் அதன் அத்தாட்சி ஆயுள் முழுவதும் செல்லும். ஆனால் போட்ட 10 நாளுக்குப் பின்னரே அது செல்லுபடியாகும். நாளை விமானம், இன்று ஊசி என்று ஓடுவதிற் பயனில்லை. சர்க்கார் அங்கீகரித்த நிலையங்களில்தான் போட்டுக்கொள்ளவேண்டும். சென்னைக்குக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அத்தகையது. 9 மாதம் நிரம்பாத குழந்தைகளுக்கு இவ்வூசி ஆகாது. கர்ப்பிணிகளும், 60 வயது கடந்தவர்களும், முட்டை ஒவ்வாதவர்களும் வைத்தியரிடம் அதனை முன்னரே சொல்லவேண்டும்.

இரண்டாவது, மலேரியா. “நமக்குத் தெரியாத மலேரியாவா?” என்று பெரியோர் கேட்கலாம். நம் பக்கத்தில் பெரும்பாலும் காண்பது வைவாக்ஸ் என்னும் வகை. அது வாட்டும், ஆயினும் கொல்வது அரிது. ஆப்பிரிக்காவில் மிகுந்திருப்பது பால்சிபாரம் என்னும் கொடிய வகை. ஜுரங் கண்டு ஒரு நாளைக்குள் தக்க மருந்து கொடாவிடின் அது மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கி உயிருக்கே உலைவைக்கக்கூடும். நமது முன்னோர் அறிந்த குளோரோக்வின் மாத்திரைக்கு அங்கே அது அடங்குவதில்லை. இதனைப் பரப்பும் அனாபிலிஸ் கொசு அந்தி தொடங்கி விடியல் வரை கடிக்கும். எனவே மாலையில் முழுக்கைச் சட்டை, வெளிப்பட்ட உடம்பிற் கொசு விரட்டும் தைலம், இரவில் மருந்து தோய்த்த கொசுவலை ஆகிய மூன்றும் தப்பாமல் வேண்டும். நைரோபி நகரம் சுமார் 1,700 மீட்டர் உயரத்திலிருப்பதால் அங்கே அச்சங் குறைவு. ஆனால் மொம்பாஸாக் கரையிலோ, விக்டோரியா ஏரிக்கரையிலோ ஓரிரவு தங்கினும் அச்சம் உண்டு.

இவற்றோடு தடுப்பு மாத்திரையும் வைத்தியரின் யோசனைப்படி உட்கொள்ளவேண்டும். டாக்ஸிசைக்ளின் ஆயின் நாள்தோறும். மெப்ளோக்வின் ஆயின் வாரம் ஒருமுறை. இவ்விரண்டையும் அந்நாட்டை விட்டு நீங்கிய பின்னும் 4 வாரம் தொடரவேண்டும். காரணம் யாதெனில், கொசு கடித்தவுடன் அக்கிருமி ஈரலிற் சென்று ஒளிந்திருந்து, சில நாட்கள் கழித்தே இரத்தத்தில் இறங்குகிறது. இம்மாத்திரைகள் அதனை இரத்தத்தில்தான் மடக்கும். கடைசி இரவு கடித்த கொசுவின் விஷம் வெளிப்படும் நாளில் உடம்பில் மருந்து இருக்கவேண்டுமல்லவா? அடோவாகோன், புரோகுவானில் இரண்டும் சேர்ந்த மாத்திரையோ ஈரலிலும் வேலை செய்வதால், திரும்பிய பின் 7 நாள் போதும். போலி மருந்துகள் அப்பக்கத்தில் நடமாடுவதுண்டு. ஆகவே மருந்தை ஊரிலேயே வாங்கி, வைத்தியர் சீட்டுடன் கொண்டுசெல்வது உத்தமம்.

மூன்றாவது, நீரும் உணவும். நீரை நன்கு கொதித்துக் குமிழி எழுந்தபின் 1 நிமிஷமும், 2,000 மீட்டருக்கு மேற்பட்ட மலைப்பிரதேசங்களில் 3 நிமிஷமும் காய்ச்சவேண்டும். பனிக்கட்டியும் நீர்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். ஆவி பறக்கும் உணவும், நாமே தோலுரித்த பழமும் குற்றமற்றவை. சைவ உணவினர் பயப்படவேண்டாம். உகாலி என்னும் சோளமாக் களியும், சுகுமா விகி என்னும் கீரையும், நம்மவர் கொண்டுசென்ற சப்பாத்தியும் அங்கே எங்குங் கிடைக்கும். வயிற்றுப்போக்குக் கண்டால் 1 லிட்டர் காய்ச்சிய நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து அடிக்கடி பருகுக. 1971-ல் வங்க அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் இத்தகைய கரைசலைக் கொண்டே வாந்திபேதியால் இறக்குந் தறுவாயிலிருந்த பல்லாயிரவரைக் காத்தார்.

நீரைப் பற்றி இன்னுமொன்று. குளத்தையும் ஆற்றையும் கண்டால் இறங்கி முழுகாமல் இருக்க நம்மவரால் முடிவதில்லை. விக்டோரியா ஏரியில் அவ்வாறு செய்யலாகாது. அந்நீரிலுள்ள நுண்ணிய புழுக்கள் தோலைத் துளைத்து உடம்பிற் புகும். பில்ஹார்ஸியா என்னும் நோய் உண்டாகிக் குடலையும் ஈரலையும் மெல்ல மெல்லக் கெடுக்கும். தெரியாமல் இறங்கியவர்கள் ஊர் திரும்பி வைத்தியரிடம் சொன்னால் பிராசிகுவாண்டல் என்னும் மருந்தினாற் குணமடையலாம்.

நான்காவது, சாலை. ஜனத்தொகை விகிதப்படி பார்த்தால் சாலை மரணம் மிகுந்த பிரதேசம் ஆப்பிரிக்காவே என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தாரின் கணக்கு. கென்யாவிலும் உகாண்டாவிலும் நம் நாட்டைப்போல் இடப்புறமாகவே வண்டிகள் செல்கின்றன. அதனாலேயே நாம் அசட்டையாகிறோம். இரவில் நெடுஞ்சாலைப் பிரயாணம் வேண்டாம். ஆட்களை அடைத்துச் செல்லும் மட்டாட்டு வண்டியையும், போடா போடா என்னும் வாடகை மோட்டார் சைக்கிளையும் கூடியவரை தவிர்க்க. பிரயாண இன்ஷூரன்ஸ் எடுக்குங்கால், தூரத்துக் காட்டிலிருந்து நோயாளியை விமானத்தில் நகர ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருஞ் செலவும் அதில் அடங்கியிருக்கிறதாவென்று பார்க்க. ஸ்வாஹிலி மொழியில் நான்கு சொற்களையேனும் கற்றுச் செல்லுங்கள்: மாஜி என்றால் நீர், ஹோமா என்றால் ஜுரம், டக்டாரி என்றால் வைத்தியர், போலே போலே என்றால் மெல்ல மெல்ல. கடைசிச் சொல் வண்டியோட்டியிடம் பயன்படும்.

இது நிற்க. இனி நாம் சொல்லப்போவதே இப்பிரசங்கத்தின் முக்கிய பாகம். இது நம் வீட்டில் நடந்தது.

நமக்கு நெருங்கிய உறவினரான ஓர் இளைஞர், விக்டோரியா ஏரிக்கரையிலுள்ள ஒரு வியாபார ஸ்தாபனத்தின் கணக்குகளைச் சீர்செய்ய இரண்டு மாதம் சென்றிருந்தார். ஜாக்கிரதையுள்ளவர். அங்கிருந்த நாளெல்லாம் கொசுவலையிற் படுத்தார்; மாத்திரையையும் தவறாமல் உட்கொண்டார். தங்கையின் கல்யாணத்துக்காக ஊர் திரும்ப விமானமேறிய அன்றே, “இனி எதற்கு மாத்திரை?” என்று நிறுத்திவிட்டார். கல்யாணம் நடந்தேறியது. ஊர் திரும்பிய ஒன்பதாம் நாள் அவருக்கு ஜுரங் கண்டது. கல்யாண அலைச்சல் என்றோம் நாம். கஷாயங் கொடுத்தோம். மறுநாள் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே சாதாரண ஜுரத்துக்குரிய சிகிச்சை நடந்தது. நோயாளி எங்கே போயிருந்தார் என்று யாரும் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. பெற்றோரும் மாமன்மாரும் நாமும் அவரது கட்டிலைச் சுற்றி நின்றோம். ஏரிக்கரைக் கதைகளை அவர் வாயாலேயே கேட்டு மகிழ்ந்தவர்கள்தாம் நாம் அனைவரும். ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

நான்காம் நாள் அவர் பிதற்றத் தொடங்கினார். அவரது துணிகளை எடுத்துவர வீட்டுக்குச் சென்ற தாயார் பெட்டியோடு கொண்டுவந்தார். அதைத் திறந்தபோது மஞ்சள் நிறச் சிறு புத்தகம் ஒன்று கீழே விழுந்தது. மஞ்சட் காய்ச்சல் ஊசியின் அத்தாட்சி அது. அருகிலிருந்த இளம் வைத்தியர் அதனை எடுத்துப் பார்த்து, “இவர் எங்கிருந்து வந்தார்?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்வி அவரைக் காப்பாற்றிற்று. உடனே இரத்தத்தைச் சோதித்து, ஆர்டிசனேட் மருந்தை நரம்பின் வழியே ஏற்றினார்கள். சீனத்துப் பெண் விஞ்ஞானி தூ யூயூ ஒரு பச்சிலையிலிருந்து கண்டெடுத்து, 2015-ல் நோபல் பரிசு பெற்ற மருந்தின் வழித்தோன்றல் அது. சிறுநீரகம் ஓய்ந்து, பல நாள் இயந்திரத்தின் உதவியால் இரத்தத்தைச் சுத்திசெய்ய நேர்ந்தது. பிழைத்தெழுந்தார். அவர் அனுமதியின் பேரிலேயே இதைச் சொல்கிறோம். இதோ இச்சபையில் நம் எதிரே அமர்ந்திருக்கிறார்.

அன்று தவறியவர் யார்? வைத்தியர்மேற் பழிசொல்ல நமக்கு மனம் வரவில்லை. பிரயாணம் வீட்டுவாசலில் முடிந்துவிட்டதென்று நாமெல்லோரும் எண்ணினோம், அதுவே பிழை. மலேரியா பெரும்பாலும் கடித்த 7 நாளுக்குப் பின்னரே தலைகாட்டும். திரும்பிய 3 மாதம் வரையிலும் வரக்கூடும். அக்காலத்தில் எந்த ஜுரங் கண்டாலும், அன்றே, இரவாயினும், ஆஸ்பத்திரிக்குச் செல்க. வைத்தியர் கேட்குமுன் நாமே, “ஆப்பிரிக்காவிலிருந்து இன்ன தேதியில் வந்தவர்” என்று சொல்க. ஒரு சோதனையில் கிருமி காணப்படாவிடினும் மறுபடியும் சோதிக்கச் சொல்க. முதற் சோதனையில் அது அகப்படாமற் போவதுண்டு.

தாய்மார்களே! இக்காரியம் உங்கள் கையில் இருக்கிறது. பிள்ளை ஊர் திரும்பிய அன்று, திருஷ்டி கழித்த கையோடு, அடுப்பங்கரை நாட்காட்டியில் அத்தேதியைச் சுழித்துவிடுங்கள். அங்கிருந்து மூன்று மாதத் தாள்களை எண்ணி இன்னொரு சுழி போடுங்கள். இரண்டாவது சுழி வந்த அன்றுதான் அவன் பிரயாணம் முடிந்தது என்று கொள்ளுங்கள். எங்கும் செல்லுங்கள், தொழில் தேடுங்கள், உலகைக் காணுங்கள். சௌக்கியமாகத் திரும்பி வாருங்கள். திரும்பிய பின்னும் சௌக்கியமாக இருங்கள்.