இறங்குவதற்கான கயிறு



மார்கழி பிறந்து கல்கத்தாவின் மேல் மூடுபனி படியத் தொடங்கியதும், நம் தமிழர் பலர் குடியிருக்கும் லேக் மார்க்கெட் வட்டாரத்து மிட்டாய்க் கடைகளிலிருந்து ஈச்சவெல்லத்தின் மணம் வீதி வரைக்கும் வந்து வழிப்போக்கரை நிறுத்திவிடும் என்பதை, இந்த நகரத்தில் ஒரு குளிர்காலமேனும் கழித்த எவரும் அறிவர். வங்காளிகள் 'நோலேன் குட்' என்று பிரியத்தோடு சொல்லும் அந்த வெல்லத்தின் சுவையைப் பற்றிப் பேச எனக்கும் ஆசைதான். ஆயினும் இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது, அந்தச் சாற்றை மரத்திலிருந்து இறக்கித் தரும் மனிதரின் இடுப்பைச் சுற்றியிருக்கும் கயிற்றையும், அதன் தூரத்து உறவினர் என்று சொல்லத்தக்க வேறொரு கயிற்றையும் பற்றி.

ஷியுலி என்று அழைக்கப்படும் அந்த மனிதர் பிற்பகலில் ஈச்ச மரத்தில் ஏறி, தலைக்குக் கீழே பட்டையைச் சீவி, மூங்கில் குழல் ஒன்றைச் செருகி, அதன் அடியில் மண்கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குகிறார். விடியுமுன் மீண்டும் ஏறிக் கலயத்தை இறக்குகிறார். மரத்துக்குச் சில நாள் ஓய்வு கொடுத்துப் பின் சீவும்போது கிடைக்கும் முதல் சாற்றுக்கு 'ஜிரேன்' என்று தனிப் பெயரும் தனி மரியாதையும் உண்டு. தம்மையும் மரத்தையும் ஒருசேரச் சுற்றிக் கட்டிய கயிற்றில் முதுகைச் சாய்த்து, பாதங்களை மரத்தில் ஊன்றி, இரண்டு கைகளையும் சுதந்திரமாக வைத்துக்கொண்டு அவர் அரிவாள் பிடிப்பதைப் பார்த்தால், அந்தக் கயிறு ஏறுவதற்குச் செய்யும் உதவியைக் காட்டிலும் மேலே நின்று வேலை செய்வதற்குச் செய்யும் உதவியே பெரிது என்பது விளங்கும். நம் ஊர்ப் பனையேறியோ கால்களில் தளைநாரை மாட்டிக்கொண்டு, இடுப்பில் அரிவாள்பெட்டியும் கலயமும் தொங்க, மார்பை மரத்தோடு அணைத்து ஏறுபவர். அவருடைய சாதனங்கள் யாவும் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். இந்த இருவரும் தலைமுறை தலைமுறையாகக் கழித்துக் கழித்து, இன்றியமையாதவற்றை மட்டும் மிச்சம் வைத்தவர்கள். கடைக்குப் போய்க் கருவி வாங்க நினைக்கிற நாமோ ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகிறோம்.

பனையும் ஈச்சையும் கிளையற்ற மரங்கள். அவற்றில் மரத்தைச் சுற்றிய கயிறுதான் பயன்படும். ஆல், அரசு, மா, இந்நகரத்துச் சாலைகளில் குடை விரித்து நிற்கும் தூங்குமூஞ்சி ஆகிய கிளைத்த மரங்களுக்கு இந்த உபாயம் பொருந்தாது. அவற்றின் உயர்ந்த கிளை ஒன்றின் கவட்டில், நுனியில் சிறு மணற்பை கட்டிய மெல்லிய நூலை எறிந்து, அந்த நூலின் வழியே கயிற்றை இழுத்து, கயிற்றின் ஒரு முனையை உறுதியாகக் கட்டிவிட்டு, அசையாமல் தொங்கும் மறுபாதியின் மீதே ஏறிச் செல்வதுதான் ஒற்றைக் கயிற்று முறை. ஆழ்ந்த குகைகளுக்குள் இறங்கி ஏறுவோர் சென்ற நூற்றாண்டில் வளர்த்த வித்தை இது. அவர்களிடமிருந்து காட்டு மரங்களின் உச்சியை ஆராய்வோரும், பின்னர் நகரத்து மரங்களைக் கழிப்போரும் கற்றுக்கொண்டார்கள்.

இந்த வித்தையின் தேவை எனக்கு உறைத்தது ஒரு புயலுக்குப் பிறகுதான். 2020-ஆம் வருஷம் மே மாதம் 20-ஆம் தேதி அம்பன் புயல், மணிக்கு 130 கிலோமீட்டர் அளவிலான வேகத்தோடு இந்த நகரத்தின் மேல் பாய்ந்து ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்த மறுநாள் காலை, ராஷ்பிஹாரி அவென்யூவில் வேரோடு சாய்ந்த குல்மொஹர்களைத் தாண்டித் தாண்டி நடந்தவர்களில் நானும் ஒருவன். வீழ்ந்த மரங்களை அகற்றுவதற்கு ராணுவமே வந்தது. என் கவலையெல்லாம் வீழாமல் நின்றவற்றைப் பற்றியது: பாதி முறிந்த கிளைகள் தலைக்கு மேல் தொங்க நின்றுகொண்டிருந்த அந்த மரங்களில், நைந்த தேங்காய்நார்க் கயிற்றையும் ஒரு வெட்டரிவாளையும் நம்பி மனிதர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய தைரியத்தைப் புகழ எனக்கு அன்றும் மனம் வரவில்லை, இன்றும் வரவில்லை.

அந்த வருஷத்துக்குப் பிறகு மரம் கழிக்கும் தொழிலில் இறங்கிய நம் இளைஞர் ஒருவர், தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்ற என்னைத் தேடி வந்து, "ஸார், ஏறுவதற்கு எந்தக் கருவி நல்லது?" என்று கேட்டார். கேள்வியைத் தலைகீழாகக் கேட்கிறீர்கள், தம்பி, என்றேன். இறங்குவதற்கு எது நல்லது என்று கேட்டிருந்தால், மற்றவற்றுக்கெல்லாம் விடை தானாகவே வந்திருக்கும்.

முதலில் கயிற்றையே எடுத்துக்கொள்வோம். சணலால் உலகப் பிரசித்தி பெற்ற ஹூக்ளிக் கரையில் வசித்துக்கொண்டு சணற்கயிற்றைக் குறை கூறுவது நன்றிகெட்ட செயலாகத் தோன்றலாம். ஆனால் ஈரத்தில் இற்றுப்போகும் அந்த நாரில் மூட்டையைக் கட்டலாமேயன்றி மனிதனைத் தொங்கவிடக் கூடாது. படாபஜாரில் எடைக்கு நிறுத்து விற்கும் வண்ணவண்ணமான பாலிப்ரொப்பிலீன் கயிறு மலிவானது, தண்ணீரில் மிதப்பது, கண்ணுக்கும் அழகானது. ஆனால் ஏறத்தாழ 165 டிகிரி வெப்பத்தில் அது உருகிவிடும். அந்த வெப்பத்துக்கு அடுப்பு வேண்டியதில்லை. கயிற்றின் மேல் உலோகக் கருவி வேகமாக உராய்ந்து வந்தாலே போதும், அப்படி உராய்வது இறங்கும்போதுதான். நைலானும் பாலியெஸ்டரும் 200 டிகிரிக்கு மேலேதான் உருகும். நைலான் ஈரத்தை உறிஞ்சிச் சிறிது வலிமை குன்றுவதாலும் அதிகமாக நீள்வதாலும், ஆடியிலும் ஆவணியிலும் ஆகாயமே ஒழுகும் இந்த ஊருக்கு, பாலியெஸ்டர் உறை போட்ட கயிறே உசிதம் என்பது என் அபிப்பிராயம்.

உள்ளே திரி போன்ற இழைகளும் அவற்றின் மேல் நெருக்கமாகப் பின்னிய உறையுமாக அமைந்த, 11 முதல் 13 மில்லிமீட்டர் கனமுள்ள, அதிகம் நீளாத கயிறே இந்தத் தொழிலுக்கு உரியது. இவ்வகைக் கயிற்றுக்கு ஐரோப்பாவில் ஈ.என். 1891 என்ற தரவிதி ஒன்று உண்டு. அதன் முதல் வகுப்புக் கயிறு 22 கிலோநியூட்டன், அதாவது சுமார் 2,200 கிலோ பாரம் தாங்க வேண்டும். 50 கிலோவிலிருந்து 150 கிலோவுக்குப் பாரத்தை உயர்த்தும்போது நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் நீளலாகாது. நீட்சிக்கு இத்தனை முக்கியத்துவம் எதற்கு என்று கேட்கலாம். 20 மீட்டர் உயரத்துக் கிளையைத் தாண்டி வந்து அடிமரத்தில் கட்டிய கயிற்றில், ஏறுபவர் தரையை விட்டுக் கால் எடுக்கும் தருணத்தில் ஏறக்குறைய 40 மீட்டர் நீளம் பாரத்தைத் தாங்குகிறது. நூற்றுக்கு இரண்டு பங்கு நீண்டாலும் 80 சென்டிமீட்டர் ஆகிவிடும். அப்படிப்பட்ட கயிற்றில் ஏறுவது ஊஞ்சலில் நின்றுகொண்டு மாடிப்படி ஏறுவதற்குச் சமானம்.

இனி, பிடித்து ஏறும் கருவி. கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டுவது பல் வைத்த ஏறுபிடியாகத்தான் இருக்கும். மேலே தள்ளினால் நழுவி, கீழே இழுத்தால் கவ்விக்கொள்ளும் அந்தக் கருவி, பாதத்துக்கு ஒன்றும் முழங்காலுக்கு ஒன்றுமாகக் கட்டிக்கொண்டால் படியேறுவதுபோல் கால்களின் பலத்தாலேயே ஏறச் செய்யும். ஏறுவதற்கு அதை மிஞ்சியது இல்லை. ஆனால் கீழே வர அதற்குத் தெரியாது. திடீரென்று பாரம் விழுந்தால் அதன் பற்கள் கயிற்றின் உறையைக் கிழித்துவிடவும் கூடும். மலைத்தேனீக் கூடு கலைந்து ஒருவரைச் சூழ்ந்துகொள்ளும் வேளையில், தம் பாரத்தை அந்தக் கருவியிலிருந்து விடுவித்து, இறங்கும் கருவியைக் கயிற்றில் மாட்டி, பூட்டைத் திருகிக்கொண்டிருக்க அவருக்கு அவகாசம் இருக்குமா என்பதை நேயர்களே நிதானித்துக்கொள்ளுங்கள்.

கயிற்றின் மேல் சிறு கயிற்றைச் சுற்றி இடும் உராய்வு முடிச்சு ஒன்றை ஆஸ்திரிய மலையேறி காரல் புருசிக் 1931-இல் வெளியிட்டார்; இன்றைக்கும் மரமேறிகள் அவ்வகை முடிச்சுகளையே நம்புகிறார்கள். கிளையின் மேல் போட்டு இரண்டு புரியாகத் தொங்கவிட்ட கயிற்றில் ஏறும் பழைய முறையில், ஆளின் பாரத்தில் பாதியை மறுபுரி தாங்கிக்கொள்வதால் முடிச்சு மிதமாகவே இறுகும். விரலால் தட்டினால் நெகிழ்ந்து இறங்க விடும். ஒற்றைக் கயிற்றில் முழுப் பாரமும் அந்த முடிச்சின் மேலேயே விழுவதால் அது கல்லாய் இறுகிவிடுகிறது. பலவந்தமாகத் தளர்த்தினால் ஒரேயடியாக நழுவுகிறது. கெவின் பிங்காம் என்ற மரமேறி இதற்குக் கண்ட பரிகாரம் எளிமையானது: முடிச்சுக்குச் சற்று மேலே கயிற்றை லேசாக வளைத்துப் பிடித்து, உராய்வில் ஒரு பங்கைத் தானே ஏற்றுக்கொள்ளும் சின்னஞ்சிறு உலோகத் துண்டு. 'ரோப் ரெஞ்ச்' என்ற அந்தத் துண்டினால் ஏறும் கருவியும் இறங்கும் கருவியும் ஒன்றாகிவிட்டன. பிறகு வந்த எத்தனையோ கருவிகள் அதே தத்துவத்தை வேறு வேறு உருவங்களில் செய்து காட்டுகின்றன. எந்த உருவத்தை வாங்கினாலும், அதன் மேல் பொறித்திருக்கும் கயிற்றின் கனத்துக்கும் கையிலுள்ள கயிற்றின் கனத்துக்கும் பொருத்தம் பார்க்காமல் வாங்குவது, ஜாதகம் பார்ப்பவர்கள்கூடச் செய்யாத துணிச்சல்.

கயிற்றை எங்கே கட்டுவது என்பதில்தான் மெய்யான விவாதம் இருக்கிறது. உச்சிக் கிளையிலேயே சுருக்கிட்டு நிறுத்தினால், 80 கிலோ எடையுள்ள ஆளுக்குக் கிளையின் மேல் 80 கிலோதான் பாரம். கிளையைத் தாண்டி இறக்கி அடிமரத்தில் கட்டினாலோ, ஆளின் எடையும் அதை எதிர்த்து நிற்கும் மறுபுரியின் இழுப்புமாகச் சேர்ந்து, கிளை ஏறத்தாழ 160 கிலோவைத் தாங்க வேண்டியதாகிறது. இந்தக் கணக்கைப் பார்த்து உச்சிக் கட்டே சிறந்தது என்று முடிவுகட்டுவோர் பலர். எனக்கு அது சம்மதமில்லை. அடிமரத்தில், தளர்த்தி விடக்கூடிய கருவியைக் கொண்டு, போதிய உபரிக் கயிறும் வைத்துக் கட்டினால், மேலே இருப்பவர் மயங்கினாலும் கையை வெட்டிக்கொண்டாலும், கீழே நிற்பவர் மரமேறாமலேயே அவரைத் தரையில் இறக்கிவிடலாம். இடுப்பையும் தொடைகளையும் சுற்றிய இடைவாரில் அசைவற்றுத் தொங்கும் உடலில் ரத்தம் கால்களில் தேங்கி, சில நிமிஷங்களிலேயே உயிருக்கு அபாயம் நேரலாம். ஆகையால், இரட்டைப் பாரம் தாங்கக்கூடிய கிளையைத் தேடிக் கண்டுபிடிக்கும் சிரமத்தை மேற்கொண்டேனும் அடிமரத்தில் கட்டுவதையே கைக்கொள்ளலாம் என்பேன். ரம்பம் அந்தக் கட்டின் பக்கமே போகாதபடி பார்த்துக்கொள்வது கீழே நிற்பவரின் பொறுப்பு.

கிளையின் வலிமையையோ கண்ணால் மட்டும் நிர்ணயிக்க முடியாது. கங்கைக்கு அக்கரையில் சிப்பூர்த் தாவரத் தோட்டத்தில், 1787-இல் கர்னல் ராபர்ட் கிட் நிறுவிய அந்தப் புராதன வனத்தில், உலகப் பிரசித்தி பெற்ற ஆலமரத்தைப் பார்க்காத கல்கத்தாவாசி இருக்க முடியாது. பூஞ்சை பற்றி அழுகிய அதன் தாய்மரத்தை 1925-இல் வெட்டி அகற்றிவிட்டார்கள்; விழுதுகளின் மேலேயே அது இன்றும் நிற்கிறது. வெளியே பசுமை தழைத்திருக்கும் மரத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை மரம் எளிதில் சொல்லாது. பட்டையில் காளான் முளைத்த கிளையையும், கவட்டில் வெடிப்புக் கண்ட கிளையையும் விலக்கிவிட்டு, தேர்ந்த கிளையில் ஆள் ஏறுமுன் இருவராகத் தொங்கி இழுத்துச் சோதிப்பதே வழி. காலில் இரும்பு முள் கட்டிக்கொண்டு உயிருள்ள மரத்தில் ஏறுவதை நான் வெறுப்பதும் இதனால்தான். ஒவ்வொரு குத்தும் பூஞ்சைக்குத் திறந்துவிடும் வாசல்.

ஒற்றைக் கயிற்று முறையில் ஏறி நம் நாட்டில் என்ன பெரிய காரியம் நடந்துவிட்டது என்று கேட்பவருக்குத் திருநெல்வேலிச் சீமையிலேயே பதில் இருக்கிறது. களக்காடு முண்டந்துறைக் காட்டில், கக்காச்சியின் ஈர வனத்தில், சௌபத்ரா தேவி, தி. கணேஷ் போன்ற ஆராய்ச்சியாளர்கள் ஒற்றைக் கயிற்றில் மர உச்சிக்கு ஏறி, எந்தப் பூவுக்கு எந்தப் பூச்சியும் பறவையும் விலங்கும் வருகின்றன என்று பொறுமையோடு கண்டு எழுதினார்கள். சௌபத்ரா தேவியும் பிரியா டேவிதாரும் 2003-இல் வெளியிட்ட கட்டுரை அந்தக் காட்டின் 86 மரவகைகளின் மகரந்தச் சேர்க்கையை விவரிக்கிறது. கீழே நின்று தூரதரிசினியால் பார்ப்பவருக்கு எட்டாத அறிவு அது. அங்கே கயிற்றில் ஏறியவர் மணிக்கணக்கில் பூவின் எதிரே அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்; ஆதலால் அவருக்கு வேண்டியது தொடையை அறுக்காத அகன்ற இடைவார். ரம்பம் பிடிப்பவருக்கு வேண்டியதோ வேறு: தம் ஒரே கயிற்றைத் தாமே அறுத்துக்கொள்ளாதபடி, வேலை செய்யும் இடத்தில் மரத்தைச் சுற்றிப் போடும் உலோகக் கம்பி பொதிந்த இரண்டாவது கட்டு. ஷியுலியின் இடுப்புக் கயிறு இங்கே வேறு பெயரில் திரும்ப வந்திருப்பதைக் கவனியுங்கள். தலைக்கவசத்தைப் பற்றி விவாதமே வேண்டாம். கீழே நிற்பவருக்கும் ஒன்று வேண்டும் என்பதை மட்டும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நான் சொன்ன இளைஞர் ஏறுபிடியை மட்டும் வாங்கிக்கொண்டு வரவில்லை. இறங்கவும் தெரிந்த கருவி ஒன்றும், கீழே நிற்கும் தம் தம்பிக்கென்று இரண்டாவது இடைவாரும் வாங்கினார். பணம் போதாமல் போனதால் பளபளக்கும் கொக்கிகள் சிலவற்றைக் கடையிலேயே விட்டுவிட்டார். சென்ற மாதம் பாருயிப்பூரில் ஒரு சிநேகிதர் தோட்டத்தில் அவரைப் பார்த்தேன். முதிர்ந்த மாமரம் ஒன்றின் தாழ்ந்த கிளையில், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல், கயிற்றில் தொங்கிக்கொண்டு, ஏறுவதும் இறங்குவதும் மீண்டும் இறங்குவதுமாக இருந்தார். பிறகு கண்களை மூடி, மூர்ச்சையுற்றவர்போல் கைகளைத் தளரவிட்டார். அடிமரத்தருகே நின்ற தம்பி முதல் தடவை கயிற்றைத் தடாலென்று விட்டுவிட, அண்ணன் புல்லில் உட்கார்ந்தார். வேலியோரம் கொய்யாக் கூடையோடு நின்ற கிழவி வாய்விட்டுச் சிரித்தாள். ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ, அவர் பாதம் தரையைத் தொட்ட ஓசைகூடக் கேட்கவில்லை.