மென்பொருள் நூலகமும் அதன் சார்புகளும்

நூலகம் என்றவுடன் உங்கள் மனத்தில் அலமாரியும் புத்தகமும் தோன்றும். கணிப்பொறித் துறையில் அச்சொல்லுக்கு வேறு பொருள் உண்டு. ஒருவர் எழுதிவைத்த நிரலைப் பலர் எடுத்தாளுமாறு அமைத்ததே மென்பொருள் நூலகம். அதுவும் வேறு நூலகங்களை நம்பி நிற்பதுண்டு. அவற்றைச் சார்புகள் என்பர். சார்புக்கும் சார்பு உண்டு. பாட்டன் பெயரைச் சொல்லும் நாம் அவருடைய பாட்டனை அறியோம் அல்லவா? நிரலாளர் பலர் நிலையும் அதுவே.

இது 2021 டிசம்பரில் உலகறிய வெளிப்பட்டது. ஜாவா மொழி நிரல்கள் தம்முள் நிகழ்வனவற்றைக் குறித்துவைக்க லாக்ஃபார்ஜே என்னும் நூலகத்தைப் பெரிதும் பயன்படுத்துகின்றன. குறிப்பில் வரும் வாசகத்தில் ஒரு முகவரி இருப்பின், அங்கே சென்று தேடிவரும் வசதி 2013-இல் அதில் சேர்க்கப்பட்டது. அவ்வழியே விஷமி ஒருவன் தன் நிரலைப் பிறர் கணிப்பொறியில் ஓட்டலாம் என்பது எட்டாண்டுகளுக்குப் பின்னரே தெரியவந்தது. அப்பாச்சி மென்பொருள் அறநிறுவனத்தின் தொண்டர்கள் 2.15.0 என்னும் பதிப்பை வெளியிட்டனர். அத்திருத்தம் போதவில்லை. மாதம் முடியுமுன் 2.16.0, 2.17.0, 2.17.1 என மேலும் மூன்று வந்தன. தூக்கமின்றி உழைத்த அத்தொண்டர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. மருந்து வந்தும், தம் நிரலினுள் அந்நூலகம் இருப்பதையே அறியாதோர் எத்தனை பேர்! அவர்கள் முதலில் அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

பதிப்பெண்ணின் மூன்று பகுதிகளுக்கும் பொருள் கூறும் மரபு ஒன்று உண்டு. முதலெண் மாறினால் பழைய பயன்பாடு முறியலாம், நடுவெண் புதிய வசதியைக் குறிக்கும், கடையெண் பிழைதிருத்தம். ஆயினும் அது வெளியிடுபவர் தரும் வாக்குறுதியே. வாக்குறுதியைச் சோதித்துப் பார்ப்பது நம் கடன்.

ஆகவே, உங்கள் நூலகத்தை வெளியிடுமுன் சார்புகளை ஒவ்வொன்றாகப் புதுப்பியுங்கள். ஒவ்வொரு முறையும் சோதனைகள் அனைத்தையும் ஓட்டுங்கள். எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றிவிட்டால், கோளாறு எதனால் வந்தது என்று எவ்வாறு அறிவீர்கள்? சிறு வேலைக்குப் பிறர் நூலகத்தை நாடுமுன் சற்று யோசியுங்கள். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்னும் 11 வரி நிரலை அதன் ஆசிரியர் பொதுக்களஞ்சியத்திலிருந்து நீக்கவே, அதைச் சார்ந்த எண்ணற்ற நிரல்கள் கட்டமைக்க இயலாது நின்றன. சில மணி நேரத்தில் அது மீட்கப்பட்டது.

சோதித்து முடித்த சார்புகளின் பதிப்பெண்களைப் பூட்டுக்கோப்பில் பதிந்துவையுங்கள். மாற்றக் குறிப்பில், எது முறியும் என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். வெளியீட்டுக்கு நாள் குறித்தபின், பாதுகாப்புத் திருத்தம் தவிர வேறெதையும் சேர்க்க நான் உடன்படேன்.