தாழ்ப்பாள் கேட்கிறோம்

(குட்வில் எஸ்டேட்டில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரை)



தண்டவாளமே இல்லாத தீவில் ரயில்வே குமாஸ்தாவுக்கு என்ன வேலை என்று பின் வரிசையில் ஒரு தோழர் கேட்டது நம் காதிலும் விழுந்தது. நியாயமான கேள்வி. ஆகவே ரயில்வேயிலிருந்தே தொடங்குகிறோம்.

வண்டி புறப்படுமுன் ஒவ்வொரு பெட்டியின் வாசலிலும் ரிசர்வேஷன் சார்ட் ஒட்டுவது நம் இலாகாவின் பழைய வழக்கம். பெயர், வயது, ஆணா பெண்ணா, எந்த பெர்த், எந்த ஊர்வரை, அத்தனையும் அதிலே இருக்கும். பயணிகளின் வசதிக்காகத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் பிளாட்பாரத்தில் வேலையற்றுத் திரிகிறவனுக்கும் அதே வசதிதான். 23-ஆம் பெர்த்தில் 24 வயதுப் பெண் தனியாகப் போகிறாள் என்பதை அவனும் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொள்ளலாம். 2018 மார்ச் முதல் பெரிய நிலையங்களில் இந்தச் சார்ட்டை ஒட்டுவதை நிறுத்தினார்கள். பெண்களின் பாதுகாப்பை எண்ணியா? இல்லை, காகிதச் செலவை எண்ணி! எப்படியோ, நன்மை நடந்தது.

இப்போது ஒரு சின்ன ஊரின் துணை சுகாதார நிலையத்தை எண்ணிப் பாருங்கள். சுவரிலே நர்ஸின் பெயர், சொந்தக் கைபேசி எண். பக்கத்திலே எந்த நாள், எந்த வேளை யார் டியூட்டி என்ற அட்டவணை. கட்டடத்தின் பின்னாலேயே அவர் குடியிருக்கும் குவார்ட்டர்ஸ். பிரசவ வலி கண்டவளுக்கு இவை வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் இரவு பதினொரு மணிக்குக் குடித்துவிட்டுப் போன் செய்து "சாப்பிட்டாயா?" என்று கேட்கிறவனுக்கும் அதே சுவர்தானே தகவல் கொடுக்கிறது? நாம் பேசிய சகோதரிகளில் ஒருவர், எண்ணை மாற்றியும் பயனில்லை என்றார். புதிய எண்ணையும் மறுநாளே சுவரில் எழுதிவிட்டார்களாம்.

பிழைப்புக்காகக் கடல் தாண்டி வந்த பெண்ணுக்கு இது இரட்டைச் சுமை. சொந்த ஊரென்றால் அண்ணன் தம்பி இருப்பான், பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்ப்பாள். இங்கே யார் இருக்கிறார்கள்?

அருணா ஷான்பாக்கும் அப்படிப் பிழைக்க வந்த பெண்தான். வட கன்னடக் கடற்கரையில் உள்ள ஹல்திப்பூரிலிருந்து பம்பாய்க்கு வந்து கே.இ.எம். மருத்துவமனையில் நர்ஸாக இருந்தார். 1973 நவம்பர் 27. வேலை முடிந்து உடை மாற்ற ஆஸ்பத்திரியின் அடித்தளத்திற்குப் போனார். அங்கே வேலை பார்த்த ஒரு துப்புரவுப் பணியாளன் நாய்ச் சங்கிலியால் அவர் கழுத்தை இறுக்கிப் பலாத்காரம் செய்தான். மூளைக்கு ரத்தம் போவது தடைபட்டது. அன்று விழுந்தவர் 2015 மே 18-ல் சாகும்வரை எழவில்லை. ஏறக்குறைய 42 ஆண்டு! அத்தனை ஆண்டும் அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, படுக்கைப் புண் வராமல் காத்தவர்கள் அந்த மருத்துவமனை நர்ஸ்கள். நிகழ்ச்சி நடந்தவுடன் வேலைப் பாதுகாப்புக் கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்களும் நர்ஸ்களே.

தோழர்களே, இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கொடியவன்மீது பலாத்காரக் குற்றம் சாட்டப்படவே இல்லை. தாக்குதல், கொள்ளை என்ற இரண்டுக்கு மட்டும் ஏழு ஆண்டு தண்டனை பெற்று வெளியே போய்விட்டான். ஏன்? கல்யாணம் நிச்சயமான பெண், வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று மேலே இருந்தவர்கள் மறைத்தார்கள். அந்தரங்கம் காத்தார்களாம்! யாருடைய அந்தரங்கத்தை? பெயரை மறைப்பது வேறு, குற்றத்தை மறைப்பது வேறு. முன்னது பெண்ணைக் காக்கும். பின்னது ஆஸ்பத்திரியின் பெயரையும் குற்றவாளியின் கழுத்தையும் காக்கும். நம்மிடம் வந்து, "உன் நல்லதுக்குத்தான் அம்மா, புகார் வேண்டாம்" என்று இழுத்துப் பேசுகிற எந்த அதிகாரியிடமும் இந்த வேறுபாட்டை முகத்துக்கு நேரே கேளுங்கள்.

ஏறக்குறைய 51 ஆண்டுகள் கழிந்து, 2024 ஆகஸ்ட் 9-ல் கல்கத்தாவின் ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரியில் பயிற்சி மருத்துவர் ஒருவர் பலாத்காரம் செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். நெடுநேர டியூட்டிக்கு நடுவே கொஞ்சம் கண்ணயர அவர் போன இடம் கருத்தரங்கக் கூடம். அன்று உடை மாற்ற அடித்தளம், இன்று படுக்கக் கருத்தரங்கக் கூடம்! அரை நூற்றாண்டில் உள்ளே தாழிட்டுக்கொள்ளும் ஓர் அறையைக் கொடுக்க நிர்வாகங்களுக்கு மனம் வரவில்லை. இறந்த பெண்ணின் பெயரையும் படத்தையும் கைபேசி கைபேசியாகப் பரப்பினார்கள். அனுதாபம் காட்டுகிறோம் என்று எண்ணிப் பரப்பியவர்களும் உண்டு. அவற்றை நீக்கும்படி ஆகஸ்ட் 20-ல் உச்ச நீதிமன்றம் கட்டளையிட வேண்டியதாயிற்று. அப்படிப்பட்ட பெண்ணின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவுப்படி தண்டனைக்குரிய குற்றம். இங்குள்ள இளைஞர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் இருந்தால் போதுமா என்று கேட்கலாம். போதாது. தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோரைத் தண்டிக்க 2008-லேயே தனிச் சட்டம் வந்தது. அதற்குப் பின்னும் 2012 ஜனவரியில் தூத்துக்குடியில் பெண் மருத்துவர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். 2024 நவம்பர் 13-ல் சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில் ஒரு மருத்துவரை நோயாளியின் மகனே கத்தியால் குத்தினான். அந்தச் சட்டமும் தமிழ்நாட்டுக்கு உள்ளேதான். கடல் தாண்டி இங்கே வராது. 2020-ல் தொற்றுநோய்ச் சட்டத்தைத் திருத்தினார்கள், அது கொள்ளைநோய்க் காலத்துக்கு மட்டும். நாடு முழுமைக்கும் என்று 2019-ல் வரைந்த மசோதா நிறைவேறவில்லை.

ஆனால் கையில் இருக்கிற ஆயுதத்தைத் துருப்பிடிக்க விடலாகாது. பணியிடத்தில் பெண்களுக்கு இழைக்கப்படும் பாலியல் தொல்லையைத் தடுக்க 2013-ல் வந்த சட்டம் இந்தத் தீவுகளுக்கும் உண்டு. வேலை நிமித்தமாகப் போகிற இடமும், நிர்வாகம் கொடுத்த வண்டியும் அதன்படி பணியிடமே. ஆக, தடுப்பூசி போடப் போன வீட்டின் திண்ணையும் பணியிடம். சம்பளமில்லாத தொண்டர் என்று சொல்லி ஆஷா சகோதரிகளை ஒதுக்க முடியாது. ஊதியம் வாங்காமல் உழைப்பவரையும் சட்டம் சேர்த்தே சொல்கிறது. பத்துப் பேருக்குக் குறைந்த இடமென்றால் மாவட்ட அதிகாரி அமைக்கும் உள்ளூர்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். கொடுத்தவர் பெயரை வெளியிடக் கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. அடிதடி நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் நிறுவனத் தலைவரே போலீசில் புகார் பதிய வேண்டும் என்று மத்திய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்ககம் 2024 ஆகஸ்ட் 16-ல் மத்திய மருத்துவமனைகளுக்கு உத்தரவிட்டது. அதே ஏற்பாட்டை இந்தத் தீவின் ஒவ்வொரு துணை நிலையத்துக்கும் கேட்கிறோம்.

சாந்தி தெரசா லக்ராவை இங்கே எல்லோருக்கும் தெரியும். லிட்டில் அந்தமானின் டுகாங் கிரீக்கில் ஓங்கி மக்களுக்குப் பணி செய்து, 2004 சுனாமியிலும் அவர்களை விட்டு வராத நர்ஸ். 2011-ல் பத்மஸ்ரீ பெற்றார். பெருமைதான். ஆனால் மாலை போட்டுக் கைதட்டுவதோடு நின்றுவிட்டால், நாளை அப்படியோர் இடத்துக்குப் போகிற இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் கதவுக்குத் தாழ்ப்பாள் தானாக முளைத்துவிடுமா?

சகோதரிகளுக்கும் சில வார்த்தை. சொந்த எண்ணை நோயாளிகளுக்குக் கொடுக்காதீர்கள். நிலையத்துக்கென்று ஒரு போனை நிர்வாகத்திடம் கேளுங்கள், அது கைக்குக் கை மாறட்டும். வாட்ஸப்பில் உங்கள் படம் தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரிகிறபடி வைத்துக்கொள்ளலாம், பிள்ளைகளைக் கேட்டால் செய்து தருவார்கள். வீடு வீடாகப் போகும் நாளில் எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று நிலையத்து நோட்டில் எழுதிவிட்டு, துணை ஒருவரோடு போங்கள். மிரட்டல் வந்தால் அழிக்க வேண்டாம். தேதி, நேரத்தோடு பத்திரப்படுத்துங்கள், அதுவே சாட்சி. இரவில் அவசரம் என்று ஆள் வந்தால் அந்த வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தி கூட வரவேண்டும் என்பதை ஊர் வழக்கமாக்க வேண்டியது இங்கே உட்கார்ந்திருக்கும் ஆண்களின் பொறுப்பு.

நிர்வாகத்துக்கு நாம் கொடுக்கப் போகும் மனு அந்த மேஜைமேல் இருக்கிறது. குவார்ட்டர்ஸ் கதவுக்கு உள்தாழ்ப்பாள், வாசலில் விளக்கு, நிலையத்துக்கு ஒரு போன், சுவரிலிருந்து சொந்த எண்களை அழிப்பது, இவ்வளவுதான் கேட்டிருக்கிறோம். ஊர்க்காரர்கள் எல்லோரும் கையெழுத்திடுங்கள். நர்ஸ்களும் ஆஷா சகோதரிகளும் கையெழுத்திட வேண்டாம். அவர்களுக்காகச் சங்கம் கையெழுத்திட்டிருக்கிறது.