சொல்லாமல் விட்ட வாக்கியம்



நினைவுச் சொற்பொழிவில் முதல் பத்து நிமிடம் நினைவுக்குரியவரைப் புகழ்வது நம் மரபு. வகுப்பறையில் காரணம் கேட்டே வாழ்ந்த ஓர் ஆசிரியரின் பெயரால் நடக்கும் கூட்டம் இது. புகழ்ந்தால் அதற்கும் காரணம் கேட்டிருப்பார். நேரே பொருளுக்கு வருகிறேன்.

ஒருவர் வாதத்தில் பிழை இருப்பதாகத் தோன்றினால், அவர் சொன்ன வாக்கியங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கிறோம். எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனாலும் முடிவு உறுத்தும். பிழை பெரும்பாலும் அவர் சொல்லாமல் விட்ட வாக்கியத்தில் இருக்கிறது. அதை அவர் திட்டமிட்டு மறைத்திருக்க வேண்டியதில்லை. பேசுகிறவரும் கேட்கிறவரும் அதை ஏற்கெனவே நம்புவதால் யாருக்கும் அதைச் சொல்லத் தோன்றுவதில்லை. இருவரும் ஒத்துப்போகிற இடத்தில்தான் ஊகம் பத்திரமாகப் பதுங்கியிருக்கும்.

இதை எப்படி வெளியே இழுப்பது? இதற்கான கருவி நம் வீட்டிலேயே இருக்கிறது. நாம்தான் எடுத்துப் புழங்குவதில்லை. உ.வே.சாமிநாதையர் 1898-இல் பதிப்பித்த மணிமேகலையில், கதையை விரும்பிப் படிப்பவர்கள் தாண்டிப் போய்விடும் பகுதி ஒன்று உண்டு. 29-ஆம் காதை. காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் சொல்லித் தருகிறார். வடமொழியில் சங்கரசுவாமி எழுதிய நியாயப் பிரவேசத்தோடு மிக நெருங்கி நடக்கும் பாடம் அது. காவியச் சுவை தேடுகிறவருக்கு ஏமாற்றம்தான், ஒப்புக்கொள்ள வேண்டும்.

அங்கே வரும் எடுத்துக்காட்டு எளியது. இந்த மலையில் நெருப்பு இருக்கிறது: இது பக்கம். புகை இருப்பதால்: இது ஏது. அடுக்களையைப் போல: இது திட்டாந்தம். நம் அன்றாடப் பேச்சு முதல் இரண்டோடு நின்றுவிடுகிறது. புகை தெரிகிறது, எனவே நெருப்பு. புகை உள்ள இடத்திலெல்லாம் நெருப்பு இருக்கும் என்பதுதான் விடுபட்ட வாக்கியம். திட்டாந்தம் என்ற உறுப்பின் வேலை அதைப் பேச வைப்பது. அடுக்களையில் இரண்டும் சேர்ந்திருப்பதைக் காட்ட வேண்டும். நெருப்பில்லாத இடத்தில் புகையும் இல்லை என்பதையும் காட்ட வேண்டும். காட்ட முடியவில்லை என்றால் அந்த வாதம் போலி. பக்கப் போலி 9, ஏதுப் போலி 14, திட்டாந்தப் போலி 10 என்று அறவண அடிகளின் பட்டியல் 33 வரை நீள்கிறது. இன்று அவற்றில் இரண்டு போதும்.

முதலாவது, சாதாரணம் என்னும் ஏதுப் போலி. ஒலி அழியக்கூடியது, அறியப்படுவதால் என்று ஒருவர் சொல்கிறார். அழியும் குடமும் அறியப்படுகிறது, அழியாததாக அக்காலத் தருக்க நூலார் கொண்ட ஆகாயமும் அறியப்படுகிறது. இரு பக்கத்துக்கும் பொதுவான காரணம் எந்தப் பக்கத்தையும் நிறுவாது.

இதைக் கையில் வைத்துக்கொண்டு இரட்டைக் காப்பியங்களில் மற்றொன்றான சிலப்பதிகாரத்துக்குப் போவோம். கோவலன் கள்வன், பாண்டியன் தேவியின் காணாமற்போன சிலம்பு போன்ற ஒரு சிலம்பு அவன் கையில் இருப்பதால். திருடியவன் கையிலும் அப்படி ஒரு சிலம்பு இருக்கும். மனைவியின் சிலம்பை விற்க வந்தவன் கையிலும் இருக்கும். அசல் சாதாரணம். ஒரே மாதிரியான சிலம்பு உலகில் இன்னொன்று இருக்க முடியாது என்ற வாக்கியத்தை அந்த ஊரில் யாரும் சொல்லவில்லை. அதனால் யாரும் மறுக்கவும் இல்லை. ஊடலில் இருந்த தேவியைத் தேடிப் போகும் வழியில் பாண்டியன் இட்ட கட்டளையைக் கவனியுங்கள். சிலம்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும்போதே, அது கள்வன் கையில் இருக்கிறதா என்றுதான் சொல்கிறான். நிரூபிக்க வேண்டியது நிபந்தனைக்குள் புகுந்துவிட்டது. காவலர் சிலம்பைத் தேடினார்களே ஒழிய, கள்வனா என்று தேடச் சொல்லி அவர்களுக்குக் கட்டளையே இல்லை.

அப்படியும் காவலர்கள் ஒரு கணம் தயங்குகிறார்கள். இவன் முகத்தில் கள்ளம் தெரியவில்லையே என்கிறார்கள். அப்போது, கோவலனைக் கள்வன் என்று காட்டிக்கொடுத்த பொற்கொல்லன் செய்வதுதான் என்னை மிகவும் அச்சுறுத்தும் பகுதி. மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வர்க்குரிய எட்டு உபாயங்களை விரித்து ஒரு சொற்பொழிவே நடத்துகிறான். கள்வன் போல் இருந்தால் கள்வன், கள்வன் போல் இல்லையென்றால் கைதேர்ந்த கள்வன். எதிர்ச்சான்று எது வந்தாலும் அதையும் தன் சான்றாக்கிக்கொள்ளும் வாதம் அது. ஒரு காவலன் தனக்கு நேர்ந்த பழைய திருட்டுக் கதை ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறான். ஒரு கதையும் ஒரு பட்டியலும் போதுமானதாக இருந்தன. குடிவெறியில் இருந்த ஒருவன் வாளை வீசிவிட்டான்.

கோவலனின் மனைவி கண்ணகி பாண்டியன் அவைக்கு வந்து என்ன செய்தாள்? அவள் சினத்தை எல்லோரும் பேசுகிறோம். அவளுடைய ஆய்வு முறையைப் பேசுவதில்லை. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று முதலில் சொல்கிறாள். தேவியின் சிலம்பில் உள்ளது முத்து என்று அரசன் சொல்கிறான். அதற்குப் பிறகே சிலம்பு உடைகிறது. விடை தெரிவதற்கு முன்பே, எது வந்தால் யார் தோற்றவர் என்பது இரு தரப்பும் வாயால் சொல்லி முடிவாகிவிட்டது. பொற்கொல்லனின் எட்டு உபாயங்கள் நுழைய அங்கே இடமில்லை. வெளியூரிலிருந்து வந்தவளுக்கு, அந்த அவை முழுதும் பகிர்ந்துகொண்டிருந்த ஊகத்தில் பங்கில்லை என்பதும் அவளுக்கு உதவியிருக்க வேண்டும்.

இரண்டாவது போலி திட்டாந்தப் போலி. இதற்கு இங்கிலாந்துக்குப் போக வேண்டும்.

சாலி கிளார்க் ஒரு வழக்கறிஞர். அவருடைய முதல் கைக்குழந்தை 1996 இறுதியிலும், இரண்டாவது 1998 தொடக்கத்திலும் திடீரென்று இறந்தன. இரு குழந்தைகளையும் கொன்றார் என்று 1999 நவம்பரில் தீர்ப்பாயிற்று. அரசுத் தரப்புச் சாட்சியாக வந்த குழந்தை மருத்துவப் பேராசிரியர் ராய் மெடோ ஓர் எண்ணைச் சொன்னார். வசதியுள்ள, புகைபிடிக்காத இத்தகைய குடும்பத்தில் காரணம் தெரியாமல் ஒரு குழந்தை தொட்டிலில் இறக்கும் வாய்ப்பு 8,543-இல் ஒன்று. இரண்டு குழந்தைகள் என்றால் அதை அதனாலேயே பெருக்க வேண்டும்: ஏறத்தாழ 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று. கேட்பவருக்குப் புரிய ஓர் உவமையும் சொன்னார். கிராண்ட் நேஷனல் குதிரைப் பந்தயத்தில், 80-க்கு 1 என்று இருக்கும், யாரும் நம்பாத ஒரு குதிரைமேல் பணம் கட்டி, நான்கு ஆண்டு தொடர்ந்து வெல்வதைப் போன்றது இது என்றார்.

பெருக்கலில் பிழையில்லை. பிழை உவமைக்குள் இருந்தது. இந்த ஆண்டுப் பந்தயத்துக்கும் அடுத்த ஆண்டுப் பந்தயத்துக்கும் தொடர்பில்லை, ஆகவே பெருக்கலாம். ஒரே தாய் தந்தைக்குப் பிறந்து, ஒரே வீட்டில் வளர்ந்த இரு குழந்தைகளுக்கு அப்படிச் சொல்ல முடியுமா? முதல் இறப்புக்குக் காரணமாக இருந்த மரபணுக் குறையோ, சூழலோ இரண்டாவதையும் தொட்டிருக்கலாம். இரு மரணங்களும் ஒன்றையொன்று சாராதவை என்பதே விடுபட்ட வாக்கியம். அதைத் தனியாகச் சொல்லியிருந்தால் யாராவது எழுந்து நின்றிருப்பார்கள். குதிரையின் முதுகில் ஏறி வந்ததால் தெரியவில்லை. அறவண அடிகள் கேட்டிருப்பார்: உன் அடுக்களையும் இந்த மலையும் ஒரே தன்மையுடையவைதாமா?

இன்னொரு ஊகமும் பின்னால் நின்றது. இயற்கையாக இரு மரணம் நேர்வது அரிது, ஆகவே அவர் குற்றவாளி. ஆனால் ஒரு தாய் இரு குழந்தைகளைக் கொல்வதும் அரிதினும் அரிது. அரிதான இரண்டில் எது அதிக அரிது என்பதே கேள்வி. அதைக் கேட்காமல் ஒரு பக்கத்து எண்ணை மட்டும் தூக்கிப் பிடித்தார்கள். 2001-இல் அரச புள்ளியியல் கழகம் அந்தக் கணக்குக்குப் புள்ளியியல் அடிப்படை இல்லை என்று பகிரங்கமாக அறிவித்தது. அதற்கு முன்பே 2000-இல் முதல் மேல்முறையீடு தோற்றிருந்தது. இரண்டாவது குழந்தையின் உடலில் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி இருந்ததைக் காட்டிய ஆய்வு முடிவு எதிர்த்தரப்புக்குத் தரப்படாமலே கிடந்ததும் பிறகு வெளிவந்தது. 2003 ஜனவரியில் சாலி கிளார்க் விடுதலையானார். 2007-இல் இறந்தார். மூன்று ஆண்டுகளுக்கு மேல் அவர் சிறையில் இருந்திருக்கிறார்.

நம் ஊருக்குத் திரும்புவோம். தேர்வு முடிவு வந்த மறுநாள் நாளிதழைப் பிரித்தால் முழுப்பக்க விளம்பரம்: முதல் மதிப்பெண் பெற்ற மாணவர்களின் படங்கள், கீழே பள்ளியின் பெயர். படங்கள் உண்மை, மதிப்பெண்ணும் உண்மை. அந்த மதிப்பெண்ணைப் பள்ளிதான் உண்டாக்கியது என்பது விளம்பரத்தில் எழுதப்படாத வாக்கியம். பத்தாம் வகுப்பில் நன்றாக மதிப்பெண் எடுத்தவர்களை மட்டுமே பொறுக்கிப் பதினோராம் வகுப்பில் சேர்த்துக்கொண்ட பள்ளி என்றால், சுமாரான மாணவன் அங்கே போய் என்ன ஆனான் என்ற தகவலே நமக்குக் கிடைக்காது. ஆனால் வரிசையில் நிற்கும் பெற்றோரில் பெரும்பாலோர் சுமாரான பிள்ளைகளைப் பெற்றவர்கள். நானும் அந்த வரிசையில் நின்றவன்தான். இந்தக் கேள்வி எனக்கும் வாசலைத் தாண்டிய பிறகே வந்தது.

எதிரி சொல்வதில் ஊகத்தைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமில்லை. பகையே கண்ணைத் திறந்துவிடும். நாம் விரும்பும் தலைவர், நம் சாதி, நம் மொழி, நம் கட்சி பற்றிய வாதம் காதில் விழும்போதுதான் திட்டாந்தம் கேட்க வாய் வருவதில்லை. வகுப்பறைப் பயிற்சி அங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. மாணவர் தனக்குப் பிடித்த முடிவு ஒன்றை எழுதட்டும். அதற்குத் தன் காரணத்தை எழுதட்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு விட்டு, இந்தக் காரணத்திலிருந்து அந்த முடிவுக்கு வர வேறு எது உண்மையாக இருந்தாக வேண்டும் என்று நிரப்பட்டும். பலருக்கும் அந்தக் கோட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட வாக்கியங்கள் தேவைப்படும்.

இங்கே வந்திருக்கும் தமிழாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். கொலைக்களக் காதை நடத்தும் நாளில், பொற்கொல்லனின் எட்டு உபாயங்களையும் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். கோவலன் என்ன சொல்லியிருந்தால், எதைக் காட்டியிருந்தால் இந்த மனிதன் தன் வார்த்தையைத் திரும்பப் பெற்றிருப்பான் என்று மாணவர்களைக் கேளுங்கள். மணி அடிக்கும்வரை அவர்கள் தேடட்டும்.